பத்தொன்பதாம் எண் எழுதிய அட்டைகள்

எங்கள் வீட்டில் ஏன் என்று கேட்டால் அடி விழும். அப்பா உயிரோடு இருந்தவரை கரண்டிக் காம்பு, அவர் போன பிறகு அம்மாவின் கை. பள்ளிக்கூடத்திலும் அந்த வார்த்தை மேலேயிருந்து மட்டும்தான் வரும். ஏன் லேட், ஏன் ரிப்பன் கட்டவில்லை, ஏன் உன் அப்பா கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்திருக்கிறார். கீழேயிருந்து மேலே போனால் அதற்குப் பெயர் திமிர். அதனால் எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, ஆங்கில அகராதி தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாள், 'வொய்' என்ற ஒற்றைச் சொல்லை ஒரு தாளில் எழுதி என் மேசையில் வைத்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் சட்டைகளுக்குப் பட்டன் துளை தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தை குடுத்திருக்காங்கம்மா. அதுக்கு அர்த்தம், அதை எங்கெங்க எப்படிச் சொல்றாங்க, எங்கேர்ந்து வந்துச்சு, எல்லாம் எழுதணும்."

"ஒரு வார்த்தைக்கா?"

"ஆமா. ஆறு மாசம்."

"என்ன வார்த்தைடி அது, அவ்வளவு பெரிசு?"

"ஏன்."

அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "அதுக்கு ஆறு மாசமா? என்கிட்ட வந்திருந்தா கன்னத்துல ஒண்ணு விட்டு ஒரு நிமிஷத்துல சொல்லிக் குடுத்திருப்பேன்."

ஆறு மாதம் முடிந்தால் வேலை நிரந்தரம். எங்கள் குடும்பத்தில் உட்கார்ந்து வேலை செய்த முதல் ஆள் நான். அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று தினமும் காலையில் பல் விளக்கும்போதே எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

வேலை இதுதான். அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், நடைபாதையின் கடைசியில், அட்டை அறை என்று ஓர் அறை. நான்கு சுவரிலும் தரையிலிருந்து உத்தரம் வரை இரும்பு இழுப்பறைகள். நடுவில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு சின்ன ஜன்னல். பழைய செய்தித்தாள், நாவல், நாடகம், கடிதத் தொகுப்பு என்று மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். அவற்றில் என் சொல் வரும் வாக்கியத்தை எல்லாம் அட்டைக்கு ஒன்றாக எழுத வேண்டும். அட்டையின் மூலையில் என் எண், இருபத்தேழு. பின்பக்கம் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம். எழுதிய அட்டையைக் கதவில் நெஞ்சு உயரத்தில் இருக்கும் பித்தளைப் பிளவு வழியாக வெளியே தள்ள வேண்டும். வெளியே ஒரு தட்டில் விழும்.

பத்து மணிக்கு உள்ளே போனால் ஒரு மணிக்குத்தான் வெளியே. கதவை வெளியிலிருந்து தாழ் போட்டுவிடுவார்கள். உள்பக்கம் தாழ்ப்பாளும் இல்லை, கைப்பிடியும் இல்லை. அந்த மூன்று மணி நேரத்துக்குக் கவன நேரம் என்று பெயர். முன்பெல்லாம் ஆட்கள் டீக்கும் பேச்சுக்கும் எழுந்து எழுந்து போய் அட்டைகளைக் கலந்துவிட்டார்களாம், அதனால் எடிட்டர் கொண்டுவந்த முறை. பையும் போனும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. தட்டினால் திறக்க மாட்டார்கள். "முதல் வாரம் எல்லாரும் தட்டுவாங்க. அப்புறம் பழகிடும்," என்று முத்திரை அக்கா சொன்னாள்.

முத்திரை அக்காவின் மேசை நடைபாதையின் மறுகோடியில் இருந்தது. அரை மணிக்கு ஒரு முறை வந்து தட்டில் கிடக்கும் அட்டைகளை அள்ளிக்கொண்டு போவாள். ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும் காட்டும் முத்திரையைக் குத்துவாள். பிறகு இழுப்பறைக்குப் போகும் வரிசை. அந்த வரிசை தேதிப்படி இல்லை. என் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வருகிறதோ அதன்படி. மற்ற அறைகளின் சொற்களையும் சேர்த்து ஒரு நாளைக்கு நானூறு அட்டை, பதினாறு வருடம். என் சொல் இல்லாத அட்டை வந்தால் கிழித்துக் கூடையில் போடுவாள். அதுவும் முறைதான்.

நான் சேர்ந்த முதல் திங்கட்கிழமையே வாசலில் அந்த ஆளைப் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஷட்டர் ரிப்பேர் செய்கிறவர். சைக்கிளில் தொங்கும் காக்கிப் பையில் ஸ்க்ரூடிரைவரும் ஸ்பேனரும் எட்டிப் பார்க்கும். திங்கட்கிழமைதோறும் பதினோரு மணி வாக்கில் வந்து ஒரு மணி தாண்டும் வரை கேட்டுக்கு வெளியே நிற்பார். உள்ளே போகிறவர், வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரே கேள்வி.

"எம்பொண்ணு அன்னைக்கி ஏன் வெளிய போனா?"

பத்தொன்பதாம் எண்காரியின் அப்பா என்று வாட்ச்மேன் சொன்னார். எனக்கு முன் அட்டை அறையில் இதே சொல்லுக்கு அட்டை எழுதியவள். நான் சேர்வதற்கு நான்கு மாதம் முன்பு, ஒரு திங்கட்கிழமை, வேலை நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய், இரண்டு தெரு தள்ளி பஸ் நிறுத்த பெஞ்சில் மூச்சு முட்டிச் செத்துக் கிடந்தாள். வருகைப் பதிவேட்டில் எடிட்டர் கையால் எழுதியிருந்தது: 10.50, வெளியே சென்றார். தாழ் போட்ட கதவை யார் திறந்துவிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

"யாரையோ பாக்கப் போயிருக்கா. வயசுப் பொண்ணு," என்று வாட்ச்மேன் குரலை இறக்கினார். அந்தக் குரல்தான் அந்தப் பெண்ணின் தெரு முழுக்கப் பேசியிருக்கும் என்று எனக்குப் பட்டது.

ஒரு முறை, ஒரு மணிக்கு நான் வெளியே வந்தபோது, அவர் என்னையே மறித்தார்.

"நீயும் அங்கதான் வேலை பாக்குறியாம்மா?"

"ஆமாங்க."

"அவ செருப்பு இடது வலது மாறி இருந்துச்சும்மா. எம்பொண்ணு அப்படிப் போட மாட்டா. சின்ன வயசுலயே மாட்டா. யாரையோ பாக்கப் போறவ செருப்ப மாத்தியா போட்டுட்டுப் போவா?"

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன். உண்மையும் அதுதான். வேகமாக நடந்து உள்ளே போய்விட்டேன்.

ஐந்தாம் மாதம் என் சொல்லுக்கான கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். பொருள் சுலபம். வரலாறு பெரிய பெரிய புத்தகங்களில் இருந்தது. ஆயிரம் வருடங்களுக்கு முன் ஆங்கிலத்தில் இந்தச் சொல் தனியாகப் பிறக்கவில்லை. என்ன என்று கேட்கும் சொல்லின் ஒரு வேற்றுமை வடிவமாக இருந்திருக்கிறது, நம் மூன்றாம் வேற்றுமை போல. எதனால், எதைக் கொண்டு. காரணம் கேட்பது பிறகு வந்தது, முதலில் அது கருவியைக் கேட்டது. இதைப் படித்த அன்று எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் பிடித்துப்போனது. நேரே கையில் இருப்பது என்ன என்று பார்க்கும் சொல்.

மிச்சம் இருந்தது பயன்பாடு. அதற்கு உதாரணங்கள் வேண்டும். இழுப்பறைகளைத் திறந்து அட்டைகளைப் புரட்டினேன்.

பத்தொன்பதாம் எண்ணின் கையெழுத்து வலது பக்கம் சாய்ந்து, பேனாவை அழுத்தி எழுதியது. அவள் அட்டைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன, எல்லாவற்றின் பின்னாலும் புத்தகமும் பக்கமும் ஒழுங்காக இருந்தன. ஒன்றில் மட்டும் பின்பக்கம் வெறுமை. திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இப்படித் தொடங்கியது: என் பையை ஏன் என்னிடம் கொடுக்கக் கூடாது?

யாரோ நாடகத்தில் பேசியதாக இருக்கும் என்று வைத்துவிட்டேன். அடுத்த இழுப்பறையில் இன்னொன்று, பின்பக்கம் வெறுமை: பெயிண்ட் வாசனை ஏன் உள்ளே வருகிறது? இரண்டிலும் ஒரே தேதி முத்திரை. ஒன்றில் 10.30, இன்னொன்றில் 11.00.

அந்தத் தேதியை நான் வாட்ச்மேன் வாயால் கேட்டிருக்கிறேன்.

மற்ற வேலையை நிறுத்திவிட்டு, அவள் எழுதிய, பின்பக்கம் வெறுமையான அட்டைகளை மட்டும் தேடினேன். அடுத்த சொல்லின்படி பிரித்ததால் அவை எட்டு இழுப்பறைகளில் சிதறிக் கிடந்தன. மூன்று நாள் ஆனது. மேசையில் முத்திரை நேரப்படி வைத்தபோது ஒன்பது அட்டைகள் வரிசையாக நின்றன. ஜன்னலை இன்று ஏன் மூடினார்கள். பெயிண்ட் வாசனை ஏன் உள்ளே வருகிறது. என் பையை ஏன் என்னிடம் கொடுக்கக் கூடாது, என் இன்ஹேலர் அதில் இருக்கிறது. நான் தட்டுவது ஏன் கேட்கவில்லை. ஏன் ஒருவரும் வரவில்லை. என் மூச்சு ஏன் விசில் அடிக்கிறது. இப்படியே போய், பன்னிரண்டு மணி முத்திரை குத்திய ஒன்பதாவது அட்டையில் ஒரே ஒரு சொல். வொய். அதற்குப் பின் கேள்விக்குறிகூட இல்லை. அந்த அட்டை 'தனித்து வருவது' என்ற பிரிவில் ஒழுங்காக இருந்தது.

10.50க்கு வெளியே போனவள் பன்னிரண்டு மணிக்கு எப்படி அட்டை தள்ளுவாள்?

எனக்கு வந்தது பயம் என்றுதான் முதலில் நினைத்தேன், பிறகுதான் அது கோபம் என்று தெரிந்தது. இழுப்பறைகளில் இன்னும் இருந்தன. அதே கையெழுத்து, அதே பத்தொன்பது, பின்பக்கம் வெறுமை. அந்தத் தேதிக்குப் பிந்திய முத்திரைகள். அடுத்த திங்கள், அதற்கடுத்த திங்கள். நாற்பத்தொன்று எண்ணினேன். என்னை ஏன் பின்வாசல் வழியாகத் தூக்கிப் போனீர்கள் என்றது ஒன்று. ஏன் செருப்பை மாற்றிப் போட்டீர்கள் என்றது இன்னொன்று.

கடைசி அட்டையின் முத்திரை போன திங்கட்கிழமை, 11.30. போன திங்கள் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அந்த அறையில் இருந்தது நான் மட்டும்.

முத்திரை அக்காவிடம் போனேன். அவள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயடியில் வேறு யாரும் இல்லை. ஒன்பது அட்டைகளையும் அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"அக்கா, இதைப் படிங்க."

"ஈரக்கைடி."

"கையில வாங்க வேண்டாம். கண்ணால படிங்க."

முதல் அட்டையைப் பார்த்தாள். அவள் கண் என் சொல்லுக்கு அடுத்த சொல்லில் போய் நின்றதைப் பார்த்தேன். அதற்கு மேல் நகரவில்லை.

"முழுசாப் படிங்கக்கா."

படித்தாள். டப்பா குழாயடியிலேயே கிடந்தது, தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"நான் ரெண்டாவது வார்த்தைய மட்டும்தான் பாப்பேன்," என்றாள். "பதினாறு வருஷமா அப்படித்தான். நானூறு அட்டைய முழுசா எவ படிப்பா?"

"அவ உதவி கேட்டிருக்கா."

"முதல்ல கேட்டா." அக்கா குழாயை மூடினாள். "முதல்ல ரெண்டு அட்டை வந்துச்சு. கதவைத் திறங்கன்னு. அதுல வார்த்தை இல்ல. கிழிச்சுப் போட்டுட்டேன். முன்னாடி இருந்தவளுங்க எல்லாம் டீ வேணும், பசிக்குதுன்னு எழுதித் தள்ளி விளையாடுவாளுங்க. இவளும் விளையாடுறான்னு நெனச்சேன். வார்த்தை இல்லாத அட்டைய நான் வைக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். அதான் அப்புறம் எல்லாத்துலயும் வார்த்தைய வெச்சு எழுதியிருக்கா. நான் ஒழுங்கா எடுத்து அடுக்கினேன்."

"ஒரு மணிக்குத் திறந்தீங்களே."

"திறந்தேன். எடிட்டரக் கூப்பிட்டேன். அவரும் வாட்ச்மேனும் தூக்கினாங்க. ஆஸ்பத்திரிக்குன்னு நெனச்சேன். பெஞ்சுல வெச்சாங்கன்னு சாயந்தரம்தான் தெரியும்."

"இதெல்லாம்?" மிச்ச நாற்பத்தொரு அட்டைகளை நீட்டினேன்.

அக்கா அவற்றைப் பார்க்கவில்லை. "அவளுக்கும் உனக்கும் நடுவுல நாலு மாசம் ரூம் பூட்டியே கிடந்துச்சு. சாவி என் இடுப்புல. திங்கக்கிழமை போனா தட்டுல ஒரு அட்டை கிடக்கும்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"முத்திரை குத்தினேன்."

"அக்கா."

"தட்டுல வந்தா குத்தணும்டி. வேற என்ன செய்யச் சொல்ற என்னை?"

அவள் டப்பாவைத் துடைத்து மூடி எடுத்துக்கொண்டு போனாள். நடக்கும்போது ஒரு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் போனேன். பத்து மணிக்குக் கதவு மூடியது, தாழ் விழுந்தது. அந்த அறையில் சத்தம் என்பதே கிடையாது. இரும்பும் காகிதமும் எல்லாவற்றையும் தின்றுவிடும், நம் மூச்சு மட்டும்தான் கேட்கும். வெற்று அட்டைக் கட்டைப் பிரித்து எண்ணினேன். ஐம்பது. நாற்காலியைக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

பதினொன்றைத் தாண்டியதும் பெயிண்ட் வாசனை வந்தது. அந்தக் கட்டடத்தில் பத்து மாதமாக யாரும் பெயிண்ட் அடிக்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது, வெளியே வெயில், எதிர் மாடியில் யாரோ போர்வை உதறிக்கொண்டிருந்தார்கள். என் மூச்சை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அதைப் பிடித்து நிறுத்தினேன். மூச்சுச் சத்தம் நிற்கவில்லை. மெல்லிய விசில், என் இடது தோளுக்கு அருகில், யாரோ குனிந்து எழுதும்போது வருவது போல.

நான் திரும்பவில்லை. திரும்பியிருக்க வேண்டும், எனக்குத் தைரியம் வரவில்லை.

விசில் என்னைக் கடந்து கதவுக்குப் போனது. பித்தளைப் பிளவின் மூடி தானாகத் தூக்கிக்கொண்டது. நடைபாதை வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. ஒரு கை எவ்வளவு நேரம் அங்கே இருக்குமோ அவ்வளவு நேரம் மூடி தூக்கியபடியே இருந்தது. பிறகு விழுந்தது. வாசனையும் போய்விட்டது.

அட்டைக் கட்டை மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்பது.

ஒரு மணிக்குக் கதவைத் திறந்த முத்திரை அக்கா ஓர் அட்டையை என் கையில் வைத்தாள். முத்திரை 11.30. அவள் அதை முழுதாகப் படித்திருந்தாள் என்று கண்ணைப் பார்த்தே தெரிந்தது. அதில் இருந்தது: என் அப்பாவை ஏன் இன்னும் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்?

ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டில் என் தட்டில் சோறு அப்படியே இருந்தது. அம்மா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பேய்க் கதையை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் சொன்னேன். அவள் கண் மங்கிவிட்டதால் தையலை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீடு என் சம்பளத்தில் ஓடியது. வாயை மூடிக்கொண்டு இரு என்று சொல்வாள், நானும் சரி என்று சொல்லிவிடலாம் என்று உள்ளுக்குள் காத்திருந்தேன். இதை மறைக்க மாட்டேன்.

"அந்தாளு வாரா வாரமா வர்றாரு?"

"ஆமா."

"உன்னயும் கேக்குறாரா?"

"கேக்குறாரு."

"நீ என்ன சொல்லுவ?"

"தெரியாதுன்னு சொல்லுவேன். அப்பத் தெரியாது. இப்பத் தெரிஞ்சும் ஒண்ணும் சொல்லல."

"ஏன்?" என்றாள் அம்மா.

அவ்வளவுதான் கேட்டாள். கை ஓங்கவில்லை, குரல் உயரவில்லை. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல ஒரு காரணமும் என்னிடம் இல்லை, பயம் தவிர. அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். "திங்காத தட்டையும் நான்தான் கழுவணுமா, மகாராணி," என்று உள்ளேயிருந்து கேட்டது.

அந்த வாரம் கட்டுரையை முடித்தேன். பொருள் எழுதினேன், வரலாறு எழுதினேன். பயன்பாட்டுக்கு ஒன்பது உதாரணங்கள் கொடுத்தேன், முத்திரை நேரத்தோடு, நேர வரிசையில். வேறு எதுவும் சேர்க்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை எடிட்டர் மேசையில் வைத்தேன்.

எடிட்டர் மென்மையானவர். யாரையும் அதட்ட மாட்டார், எல்லாரையும் நீங்கள் என்பார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுவார். வரலாற்றுப் பகுதியைப் படித்துத் தலையாட்டினார். "மூன்றாம் வேற்றுமை. அழகாச் சொல்லியிருக்கீங்க." அடுத்த பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

"இந்த உதாரணங்கள் பொருந்தல."

"எல்லாம் நம்ம இழுப்பறையில இருந்த அட்டைங்க சார். முறைப்படி முத்திரை குத்தினது."

"உதாரணம்னா எல்லாருக்கும் பொதுவா இருக்கணும். இதெல்லாம் ஏதோ தனிப்பட்ட ஆளோட புலம்பல் மாதிரி இருக்கு."

"அந்த ஆள் பெயர் பதிவேட்டுல இருக்கு சார். 10.50க்கு வெளிய போனதா நீங்க எழுதியிருக்கீங்க."

அவர் தாள்களை மூடி வைத்தார்.

"உங்க வீட்டுல நீங்க ஒரு ஆள்தானே சம்பாதிக்கிறது?" என்றார். குரலில் அக்கறை சொட்டியது. "இந்த வெள்ளிக்கிழமை உங்களை நிரந்தரம் பண்ற பேப்பர்ல கையெழுத்துப் போடணும். அந்த அட்டைகளைக் கொண்டுவந்து என்கிட்ட குடுத்துடுங்க. நான் பத்திரமா வெச்சுக்கறேன். நீங்க ஏன் போய் வேற நல்ல உதாரணமாப் பாக்கக் கூடாது?"

அப்படிக் கேட்பது கேள்வியாகாது, உத்தரவு. அதையும் நான் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தேன்.

"சரிங்க சார்," என்றேன்.

என் மேசைக்குப் போய் ஒன்பது அட்டைகளையும் எடுத்தேன். எடிட்டர் அறைக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும், படிக்கட்டுக்கு வலது பக்கம். மணி பதினொன்று ஐந்து. வாசலில் அவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருப்பார். என் வாழ்க்கையில் நான் யாரிடமாவது ஏன் என்று கேட்டுப் பதில் வாங்கியிருக்கிறேனா என்று யோசித்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. படிக்கட்டில் இறங்கினேன்.

"அப்பா," என்று கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிட வேண்டும் என்று முன்கூட்டி நினைக்கவில்லை. "உங்க பொண்ணு எங்கயும் போகலப்பா."

அவர் என்னைப் பார்த்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா."

"நான் படிக்கிறேன்."

கேட்டுக்கு வெளியே, சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். முத்திரை நேரத்தையும் சொன்னேன். வாட்ச்மேன் எழுந்து வந்தவர், மூன்றாவது அட்டையிலேயே பின்வாங்கித் தன் கூண்டுக்குள் போய்விட்டார். இன்ஹேலர் என்ற சொல் வந்ததும் அந்தப் பெண்ணின் அப்பா கண்ணை மூடினார். ஒன்பதாவதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அட்டையை அவரிடமே கொடுத்தேன். அவர் அந்த ஒற்றைச் சொல்லைக் கட்டைவிரலால் தடவினார். பேனா அழுத்தியிருந்த பள்ளம் விரலுக்குத் தெரிந்திருக்கும்.

"அழுத்தி எழுதுவா," என்றார். "நோட்டுல நாலு பக்கம் தள்ளியும் தெரியும்."

அட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "அந்தக் கதவக் காட்டும்மா," என்றார்.

காக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பின்னால் மேலே வந்தார். யாரும் தடுக்கவில்லை. திங்கட்கிழமை கவன நேரம், ஆனால் அன்று உள்ளே இருக்க வேண்டியவள் நான்தான். அட்டை அறைக் கதவு தாழ் போட்டு மூடியிருந்தது. அவர் கதவைத் திறக்கவில்லை. முதலில் தாழ்ப்பாளைப் பார்த்தார், ஷட்டர் பார்க்கும் ஆள் பார்ப்பது போல, இழுத்தும் தட்டியும். பிறகு பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து அதன் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். துருப்பிடித்த ஆணிகள், கீச்சென்று சத்தம் போட்டன. அந்தச் சத்தத்துக்கு மற்ற அறைகளிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். எடிட்டரும் வந்தார்.

"என்ன பண்றீங்க? இதை ஏன் கழட்டுறீங்க?"

எடிட்டர் என்னைப் பார்த்தார், முத்திரை அக்காவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். மறுபடியும் ஏன் என்றார், இந்த முறை மெதுவாக. ஆணி கழலும் சத்தம் மட்டும் கேட்டது.

தாழ்ப்பாள் கையோடு வந்தது. அதைத் தரையில் வைத்துவிட்டு அவர் கதவைத் தள்ளினார். உள்ளேயிருந்து பெயிண்ட் வாசனை வெளியே வந்தது. எனக்கு மட்டும் இல்லை, கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் மூக்கைப் பொத்தினார்கள். எடிட்டர் சுவரோடு சாய்ந்தார்.

அந்தப் பெண்ணின் அப்பா உள்ளே போனார். நாற்காலி மேசையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆள் எழுந்திருக்கும் அளவுக்குத் திரும்பியிருந்தது. அதன் முன்னால் நின்று இழுப்பறைகளையும் ஜன்னலையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு குனிந்து, பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை அழைத்துப்போக வந்தவர் சொல்வது போலச் சொன்னார்.

"வா. போலாம்."

மெல்லிய விசில் எனக்குக் கேட்டது. அவர் மெதுவாக நடந்து வெளியே வந்தார், நீண்ட நாள் படுத்திருந்தவரோடு நடப்பது போல இரண்டடிக்கு ஒரு முறை நின்று நின்று. இடது கையை உடம்பிலிருந்து சற்று விலக்கி வைத்திருந்தார். நடைபாதையில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். முத்திரை அக்கா அவருக்கு வழிவிட்டாள். பிறகு அவருடைய இடது பக்கத்தைப் பார்த்து இன்னும் ஒரு அடி நகர்ந்து, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தாள்.

படிக்கட்டில் அவர் சுவர்ப் பக்கத்தை விட்டுக்கொடுத்து வெளிப்பக்கமாக இறங்கினார்.

"இந்த அட்டைகளோட போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் வர்றேம்பா," என்று மேலேயிருந்து சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். நான் என் பையை எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் இறங்கினேன்.